லாபம், ரெண்டு, மூணு

செகந்திராபாத் பக்கத்து லோத்குண்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, "தனசிங் வீடு எது?" என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "சீல் சாப் வீடு" என்று கேட்டால் டீக்கடைக்காரன் கிளாஸ் கழுவிக்கொண்டே கையை நீட்டி வழி காட்டிவிடுவான். சீல் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பருந்து. வருஷத்தில் ஆறு வாரம் கல்குன்று மேல் உட்கார்ந்து பருந்து எண்ணுகிற மனிதருக்கு ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? நல்லவேளை, அதோடு விட்டார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அவர் மனைவி ஞானசௌந்தரிக்கு மட்டும் அந்தப் பெயர் ஆகாது. மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிற மனிதரைப் பருந்து என்றா கூப்பிடுவது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளுக்கு அவர் அத்தை மகன். சாத்தான்குளத்தில் அரை டவுசர் போட்டுத் திரிந்த நாளிலிருந்து தெரியும். ஐம்பத்தெட்டில் கல்யாணமாகி இங்கே வந்தவள்.

தனசிங்கின் வேலை இதுதான். தொழிற்சாலையில் செய்து வருகிற இரும்புச் சாமான்களை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. பச்சைக்கு மேலே வட்டமாக ஓர் ஓட்டை, சிவப்புக்கு ஒரு மூலை வெட்டியிருக்கும். விளக்கு மங்கிய ஷெட்டிலும் கை தவறக்கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. மயிரிழை பிசகினாலும் தனசிங்கிடம் பச்சை கிடைக்காது. ஒரு மார்ச் மாதக் கடைசியில் இருநூறு சாமான்களை எப்படியாவது தள்ளிவிடச் சொல்லி மேலேயிருந்து சொன்னார்கள். மாட்டேன் என்றார். பிரமோஷன் நாலு வருஷம் தள்ளிப்போயிற்று. "பொய்யில போடுறதுக்கு என்கிட்ட கையெழுத்து இல்ல" என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அப்படிப்பட்ட பிடிவாதம். சௌந்தரி அன்றைக்கு அவரைத் திட்டவும் திட்டினாள், உள்ளுக்குள் பெருமைப்படவும் பெருமைப்பட்டாள்.

குன்றுக்குப் போகிற பழக்கம் அறுபத்தைந்தில் தொடங்கியது. பம்பாயில் பறவைகளுக்கென்று ஒரு சங்கம். குளிர்காலத்தில் வந்து வெயில் ஏறுகையில் வடக்கே திரும்புகிற பருந்துகளை யாராவது எண்ணி அனுப்புவீர்களா என்று பேப்பரில் கேட்டிருந்தார்கள். ஊரே அந்தப் பேப்பரில் கடலை மடித்தது, இவர் ஒருவர்தான் பதில் எழுதினார். ஜும்மேராத் பஜாரில் பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கினார். சைனிக்புரியைத் தாண்டி பாறை மேல் பாறையாகக் கிடந்த ஒரு குன்றைக் கண்டுபிடித்தார். கிழக்கே பார்த்தால் கீசரா மலை, தெற்கே மௌலா அலி, வடக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் காய்ந்த புல். அந்தப் புல்லில் ராத்தங்கும் பூனைப்பருந்துகள் காலை ஒன்பது மணி வாக்கில், காற்று சூடேறினதும் எழும்பி, வட்டம் போட்டு மேலே போய், மேட்சல் பக்கமாகச் சரிந்து மறையும். ருஷ்யாப் பக்கத்துப் புல்வெளிக்குப் போகின்றன என்று சொல்லுவார். ஊர்ப்பருந்துகள் கணக்கில் சேராது. அவை எங்கேயும் போவதில்லை, மாட்டுக்கறிக் கடை உள்ளவரை.

அறுபத்தாறு பிப்ரவரியில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். எட்டு வருஷம் காத்திருந்து பிறந்தவன், ஒன்பது நாள் இருந்தான்.

சௌந்தரி பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாயா என்றால் "ம்", ஊருக்குப் போய் வருகிறாயா என்றால் "வேண்டாம்". சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். தனசிங்குக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மூன்றாவது வாரம் ஒரு காலை, பைனாகுலரையும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, தன்னால் பார்க்கவும் எழுதவும் ஒரே நேரத்தில் முடியவில்லை, எண்ணிக்கை தப்பிப் போகிறது, எழுத மட்டும் ஓர் ஆள் வேண்டும் என்றார். அதில் பாதி உண்மை. அவள் எழுந்து, சேலையைக் கூட மாற்றாமல் சைக்கிள் பின்னால் உட்கார்ந்தாள்.

குன்று மேல் ஒன்பதரைக்கு முதல் கூட்டம் எழும்பியது. தனசிங் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு..." என்று தொடங்கினார்.

"ஒண்ணுன்னு தொடங்கப்படாது அத்தான்" என்றாள் சௌந்தரி. "லாபம்னு சொல்லுங்க."

அவள் அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் தானியக் கடை. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு, மூணு. நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அவள் அப்பா அதற்கு மேலும் ஒன்று சொல்லுவார். அளவு பொய்யாக இருந்தால் அந்தச் சொல்லை வாயில் எடுக்காதே, நாக்கு அழுகிப்போகும் என்பார். அவள் அந்தக் கடையில் சாக்கு மேல் உட்கார்ந்து வளர்ந்தவள்.

மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் முழுப் பேச்சு அது. தனசிங் மறுபேச்சில்லாமல், "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினார். எண்ணினாரே தவிர பைனாகுலரைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அழுகிறது தெரிந்துவிடும். அன்றைய தேதிக்கு எதிரே அவர் சொல்லி அவள் எழுதியது: பதினேழு, இரண்டு விட்டுப் போயிருக்கலாம். இருக்கலாம் என்ற வார்த்தை அந்த நோட்டுகளில் வேறெங்கும் கிடையாது.

அதன்பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை. குன்று இருந்தது. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, வேலைநாளில் லீவு போட்டும், ஞாயிறுகளில் ஆராதனையைத் தவறவிட்டும் போனார்கள். லெந்து, உபவாச நாளில் கோயிலை விட்டுவிட்டுப் பருந்து பார்க்கப் போகிறீர்களே, இது அடுக்குமா என்று பாஸ்டர் கேட்டார். அதுவும் ஆண்டவர் செய்ததுதானே என்று இவர் சொல்ல, நாரையும் ஆண்டவர் செய்ததுதான், அதற்காக ஏரிக்குப் போகிறேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். சௌந்தரி டப்பாவில் புளிச்சோறும் துவையலும் கட்டி எடுத்துக்கொள்வாள். அவர் கூப்பிடுவார், அவள் எழுதுவாள். அறுபத்தொன்பதில் அறுநூற்று நாற்பத்து மூன்று. அந்த வருஷம் பம்பாயிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செகந்திராபாத் முழுக்கச் சுற்றினார். கேட்டவர்களுக்கும் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

எழுபத்தொன்பதில் ஒருநாள், எழும்பி வந்த ஊர்ப்பருந்தை அவர் கணக்கில் சேர்த்தார். சௌந்தரி வெறுங்கண்ணால் பார்த்தே அது வேறு என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துவிட்டுப் பார்த்தார், மறுபடி துடைத்தார். டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் என்றார். இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், போனது போனதுதான் என்றார். எண்பத்து மூன்றில் எல்லாம் போயிற்று. தொழிற்சாலையில் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். கண் தெரியாதவருக்குக் கடிகாரம்! மகராசன்கள்.

பைனாகுலர் சௌந்தரியின் கழுத்துக்கு வந்தது. அவள் கூப்பிடுவாள். அவர் மடியில் ஒரு துணிப்பை நிறையப் புளியங்கொட்டை. ஒரு பறவைக்கு ஒரு கொட்டை எடுத்துப் புஷ் சட்டையின் இடது கீழ்ப்பைக்குள் போடுவார். வீட்டுக்கு வந்து விரலால் தடவி எண்ணித் தொகையைச் சொல்வார், அவள் நோட்டில் எழுதுவாள். வருஷக் கடைசிக் கணக்கை மட்டும், எப்போதும் போல, அவரோடு வேலை பார்த்த லக்ஷ்மிநாராயணன் ஆபீஸில் இங்கிலீஷில் டைப் அடித்துப் பம்பாய்க்கு அனுப்புவார். அவர் மாதம் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்.

ஆனால் கூப்பிடுவதற்குப் பறவை வேண்டுமே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வடக்கே புல்வெளியெல்லாம் வெள்ளைக்கல் நட்டுப் பிளாட் ஆகிவிட்டது. குன்றின் அடிவாரத்தில் கல் உடைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அறுநூறு முந்நூறாகி, முந்நூறு தொண்ணூறாகி, எண்பத்து நாலில் நாற்பத்தொன்றில் வந்து நின்றது.

எண்பத்தைந்து மார்ச்சில் எட்டு நாள் தொடர்ந்து ஒன்றுகூட இல்லை. தனசிங் பாறைமேல் துணிப்பையில் கையை விட்டபடியே உட்கார்ந்திருப்பார். எட்டாம் நாள் பதினோரு மணிக்கு அந்தக் கையை வெளியே எடுத்தார்.

"இனி வர வேண்டாம் சௌந்தரி. எனக்குக் கண்ணுமில்ல, அங்க பறவையுமில்ல. உனக்குத்தான் வீண் அலைச்சல்."

வீட்டில் அவர் இருக்கிற நாற்காலியும், அதற்கு எதிரே உள்ள சுவரும் சௌந்தரியின் கண்முன் வந்து நின்றன. அந்தச் சுவர் எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்துப் படுத்திருந்தவளை இந்தக் குன்றுதான் எழுப்பி உட்காரவைத்தது. இந்த மனுஷனை அதன் முன்னால் உட்காரவிட்டால் முடிந்துபோவார் என்று நினைத்தாள். பைனாகுலரை வெறும் வானத்துக்கு உயர்த்தினாள்.

"இருங்க அத்தான். இந்தா... ஒண்ணு. ரெண்டு, மூணு."

லாபம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. சாத்தான்குளத்துக் கடையும் அப்பாவும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒண்ணு என்றால் என்ன, லாபம் என்றால் என்ன, அவருக்கு எண்ணிக்கைதானே வேண்டும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவர் கை துணிப்பைக்குள் போய்ச் சற்று நின்றது. பிறகு மூன்று கொட்டைகளை எடுத்து வலது பைக்குள் போட்டது.

"எந்தப் பக்கம்?"

"மேட்சல் பக்கமாத்தான்."

"ஆணா, பொட்டையா?"

"ரெண்டு சாம்பல். ஒண்ணு தவிட்டு நிறப் பொட்டை. இடது றெக்கையில ஒரு இறகு இல்ல, பாவம்."

தனசிங் சிரித்தார். எட்டு நாளில் முதல் சிரிப்பு. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அப்புறம் என்ன? மூன்று மார்ச், மூன்று ஏப்ரல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். நிஜமாக ஒன்றிரண்டு வந்தால் லாபம் என்று தானாக வாயில் வரும். மற்ற நாட்களில் ஒண்ணு, ரெண்டு, மூணு. பொய் சொல்லச் சொல்லக் கை தேர்ந்துவிட்டது. மேகம் என்றாள், எதிர்காற்று என்றாள், கூட்டமாகச் சுற்றுகின்றன என்றாள். அடுத்த வருஷம் அவர், "அந்த இறகில்லாதவ வந்தாளாட்டி?" என்று கேட்டார். வந்தாள் என்றாள். இறகு முளைத்துவிட்டதா என்று கேட்டார். முளைத்துவிட்டது என்றாள். நல்லது என்றார்.

ஒருமுறை கல் உடைக்கிற பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டு மேலே ஏறி வந்தாள். சௌந்தரி வானத்தைக் காட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். வந்தவள் தன் நெற்றியில் கை வைத்து அந்தப் பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டு, எங்கேம்மா இருக்கிறது, ஒன்றையும் காணோமே என்று உருதுவில் கேட்டேவிட்டாள். தனசிங் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"ஹவ் மா. தும்கு நை திக்தே. ஹம்கு திக்தே."

ஆமாம்மா, உனக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு கண் தெரியாதவர் இப்படிச் சொல்வதைக் கேட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள். சௌந்தரி அன்றைக்கு அவர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வரும்போது, இவ்வளவு நம்புகிற மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று அழுதாள். சத்தம் வராமல் அழுதாள்.

எண்பத்தேழு டிசம்பரில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில், தனசிங் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். டீயோடு வந்தவள் இரண்டு தரம் கூப்பிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் மகனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

பிப்ரவரியில் லக்ஷ்மிநாராயணன் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தார். பம்பாய்க்கு அனுப்பிய கடிதங்களின் கார்பன் காப்பி. சௌந்தரிக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது, நம்பர் தெரியும். எண்பத்தைந்து: பதினொன்று. எண்பத்தாறு: ஆறு. எண்பத்தேழு: மூன்று. அவள் தன் நோட்டை எடுத்துப் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு, நூற்று நாற்பத்தேழு, நூற்று முப்பத்தொன்பது. டைப்பில் பிசகோ என்று கேட்டாள்.

லக்ஷ்மிநாராயணன் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்.

"இல்லேம்மா. லாபம்னு ஆரம்பிச்சதை மட்டும்தான் அனுப்பணும்னார். ஒண்ணுன்னு ஆரம்பிச்சது அந்தக் கணக்குல வராதுன்னார்."

"என்னப் பத்தி என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லலை. ஏன்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டார்."

அவர் போனபிறகு சௌந்தரி கூசிப்போனாள். தனசிங்குக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. துணிப்பைக்குள் கை ஏன் நின்றது என்று இப்போது விளங்கியது. வாழ்நாளெல்லாம் பொய்யான சாமானைத் தொடாத மனிதர், மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் சொன்னது அத்தனைக்கும் மூலை வெட்டிய சிவப்புச் சீட்டு. அவள் முகத்தைக் காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். என்னை என்ன நினைத்துக்கொண்டு செத்தாரோ என்ற கேள்வி அவளை அரித்து எடுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அந்த மார்ச்சில் அவள் குன்றுக்குப் போகவில்லை. மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள். இந்தத் தடவை எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட யாரும் வரவில்லை.

ஈஸ்டர் கழிந்து பாஸ்டர் வீட்டம்மா வந்து, அண்ணாச்சி துணிமணி இருந்தால் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டாள். சௌந்தரி அவர் அலமாரியை அன்றைக்குத்தான் திறந்தாள். சட்டைகளை எடுத்தாள். புஷ் சட்டையின் இடது பையில் இரண்டு புளியங்கொட்டை கிடந்தது. வலது பையில் ஒன்றுமில்லை. சட்டைகளுக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில். கழுத்துவரை புளியங்கொட்டை.

பாட்டில் கழுத்தில் நூல் போட்டு ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. வட்ட ஓட்டை உள்ள சீட்டு. பச்சை.

தொழிற்சாலைச் சீட்டில் நிரப்பவேண்டிய இடங்களையெல்லாம் அவர் நிரப்பியிருந்தார். கண் தெரியாமல் எழுதியதால் எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள்.

சாமான்: பருந்து.
கொடுத்தவர்: சௌந்தரி.
எண்ணிக்கை: 394.

அவள் நோட்டின் மூன்று வருஷத் தொகையில், பம்பாய்க்குப் போன இருபது போக மீதி அது. கீழே, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அச்சடித்திருந்த இடத்தில், நாலு வருஷப் பிரமோஷனுக்கும் வளையாத அந்தக் கையெழுத்து. கோட்டை விட்டு வெளியே போயிருந்தது, ஆனால் முழுசாகப் போட்டிருந்தார்.

பாஸ்டர் வீட்டம்மா கூடத்திலிருந்து, "என்னக்கா, கிடைச்சுதா?" என்று கேட்டாள். சௌந்தரி முறத்தை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்தாள். முதல் கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"லாபம்" என்றாள்.

ரெண்டு என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.